மறுமொழி: டிரிஸ்மஸ் – வாய்ப்பூட்டா, வாயிறுக்கமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம். வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போகும் நிலைதான் டிரிஸ்மஸ் (trismus). நோயாளிகளுக்கான கையேட்டில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘வாய்ப்பூட்டு’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

நல்ல சொல்தான். ஆனால் அதற்கு வேறு வேலைகள் நிறைய இருக்கின்றன. பேச்சுரிமையைத் தடுக்கிற சட்டத்துக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் என்கிறோம். அலகு குத்திப் பேசாமலிருக்கும் வேண்டுதலுக்கும் அதே பெயர். ரண ஜன்னியில் (டெட்டனஸ்) தாடை கிட்டித்துப் போவதையும் அப்படிச் சொல்வதுண்டு. என் அப்பாவுக்குப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கும் முன் கொடுத்த தாளில் ‘வாய்ப்பூட்டு ஏற்படலாம்’ என்று இருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு, “இனிமே பேசவே மாட்டாரா?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இந்த இழைக்குக் கொண்டுவந்தது.

இன்னொன்று, பூட்டு என்றால் பூட்டியிருக்கும், அல்லது திறந்திருக்கும். டிரிஸ்மஸ் அப்படியல்ல, கொஞ்சம் கொஞ்சமாக வருவது. மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே உள்ள திறப்பை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். தலை, கழுத்துப் புற்றுநோயில் அது 35 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே இருந்தால் டிரிஸ்மஸ் என்று கொள்வது வழக்கம். வீட்டில் பார்க்க, தன் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். அப்பா வெற்றிலையை வரவரச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தார். சிக்கனம் என்று நினைத்தோம்! பழைய மடிப்பு வாய்க்குள் போகவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

> தாடை முடக்கம்?

கோளாறு எப்போதும் தாடையில் இருப்பதில்லை. பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் நார் படிந்து, தொட்டால் கயிறு மாதிரி விறைத்துவிடுகிறது. புற்றாக மாறக்கூடிய நிலை அது. சிலருக்குக் கட்டியே மெல்லும் தசைக்குள் ஊடுருவிவிடும். சிலருக்குக் கதிர்வீச்சுக்குப் பின், மாதங்கள் கழித்துக்கூட, அதே தசைகள் இறுகும். தாடை என்று எழுதினால் மூட்டு வலி என்று நினைத்து எலும்பு மருத்துவரிடம் போய் நாளைக் கடத்துவார்கள். ‘வாய்திறப்புக் குறைபாடு’ பொருளில் சரி, ஆனால் நோயாளி வாயில் வராது.

நான் முன்வைப்பது வாயிறுக்கம். புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்ததெல்லாம் “வாய் இறுகிப் போச்சு”, “முன்னைக்கு இப்ப கொஞ்சம் இளகியிருக்கு” என்பவைதான். இறுகு, இளகு என்று வினை தயாராக இருக்கிறது. லேசான வாயிறுக்கம், கடும் வாயிறுக்கம் என்று படியும் சொல்லலாம். அளவுக்கு வாய்த்திறப்பு என்றே வைத்துக்கொள்ளலாம்: ‘வாய்த்திறப்பு 28 மி.மீ.’

அந்த ‘இளகு’ எனக்கு முக்கியம். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, பழகப் பழக ஒவ்வொரு குச்சியாகக் கூட்டுகிற பயிற்சி இருக்கிறது. முழுக்கச் சரியாகாவிட்டாலும் கரண்டி நுழைய, பல் துலக்க, பின்னால் ஓர் அறுவை சிகிச்சை வந்தால் மயக்க மருத்துவர் குழாய் செலுத்த, ஒவ்வொரு மில்லிமீட்டரும் உதவும். பூட்டு என்ற சொல் அந்தப் பயிற்சியைச் செய்யவே விடாது. சாவி நம்மிடம் இல்லை என்று தோன்றிவிடும்.

ஒரு மறுப்பு எனக்கே உண்டு. வாய் இறுகியவன் என்றால் பேசாதவன், கல்லுளிமங்கன் என்ற பொருளும் சில ஊர்களில் வருமா? தெற்கத்தி நண்பர்கள் சொல்லுங்கள்.

கையேட்டுக்கு நான் எழுதியிருக்கும் வரி இது, திருத்தித் தாருங்கள்: ‘சிகிச்சைக்குப் பின் வாயிறுக்கம் வரலாம். வாரம் ஒருமுறை மூன்று விரல் வைத்துப் பாருங்கள். வாய்த்திறப்பு குறைந்தால் அடுத்த தேதிவரை காத்திராமல் உடனே வாருங்கள்; இறுக்கம் மட்டும்தானா, கட்டி திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.’

அன்புடன்.