ஒரே செல், ஆனால் அளக்கும்போதெல்லாம் வேறு விறைப்பு. கருவியா, செல்லா?

கேட்டவர்: ஆய்வு மாணவி

வணக்கம். அணுவிசை நுண்ணோக்கியில் (நுண்ணிய ஊசியால் பரப்பை அழுத்தி விசையை அளக்கும் கருவி) உயிருள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசுச் செல்களின் விறைப்பை அளக்கிறேன். ஒரு செல்லில் ஒரே இடத்தை விட்டுவிட்டு அழுத்தினால், விறைப்பின் அளவான யங் குணகம் ஒரு கிலோபாஸ்கலில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் இரண்டை நெருங்குகிறது, அப்புறம் இறங்குகிறது. பக்கத்துச் செல்லில் ஏற்ற இறக்கம் வேறு மாதிரி. சராசரி போட்டால் போதும் என்கிறார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. கருவியில் பிசகா, செல்லே மாறுகிறதா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: செல் இயற்பியல்காரன்

ஒப்ப வேண்டாம். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது.

கருவியைச் சோதிப்பது எளிது. அதே ஊசியால் ஒரு பாலிஅக்ரிலமைடு ஜெல்லையும், குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்திய செல்லையும் அதே ஒரு மணி நேரம் அழுத்துங்கள். அவை அசையாமல் நின்றால் கருவிமேல் பழியில்லை. வெப்பநிலை 37 டிகிரியில் நிற்கிறதா, கார்பன் டை ஆக்சைடு இல்லாத இடத்தில் ஊடகத்தின் அமிலத்தன்மை நகர்கிறதா என்பதையும் பாருங்கள். அமிலத்தன்மையை நிலைநிறுத்தும் ஹெப்பஸ் என்னும் தாங்கல் பொருளைச் சேர்த்தால் பின்னது அடங்கும்.

இனி செல். மேற்படலத்துக்கு அடியில் ஆக்டின் என்னும் புரத இழைகளின் மெல்லிய வலை (மேற்புறணி) இருக்கிறது, மயோசின் என்னும் இயக்கப் புரதம் அதை இழுத்துப் பிடிக்கிறது. நீங்கள் அளக்கும் விறைப்பில் பெரும்பங்கு இந்த இழுவிசையால் வருவது. அந்த வலை நிலையாக இருப்பதில்லை: ஒரு பக்கம் அவிழ, மறுபக்கம் புதிதாகக் கோக்கப்பட, ஒரு நிமிட அளவிலேயே அதன் இழைகள் பெரும்பாலும் புதியவையாகிவிடுகின்றன. செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்துத் தன்னையே ஓயாமல் கட்டிக்கொள்ளும் பொருளிடம் ஒரே எண்ணை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

உறுதிசெய்ய வேண்டுமா? பிளெபிஸ்டாட்டின் கொடுத்து மயோசினை அடக்குங்கள், செல் மென்மையாகும். ஏற்ற இறக்கமும் சுருங்கினால் காரணம் கையில் கிடைத்த மாதிரி. ஆனால் நீல ஒளியில் அந்த மருந்து செயலிழந்துவிடும், விளக்கை அணைத்துவிட்டு அளங்கள்.

ஆய்வு மாணவி:

நன்றி. வேகமாக அழுத்தினால் விறைப்பு கூடுகிறது. அதுவும் இதே காரணமா?

செல் இயற்பியல்காரன்:

இல்லை, அது வேறு கால அளவு: நீங்கள் ஒருமுறை அழுத்த எடுக்கும் நேரம். ஃபாப்ரி, ஃப்ரெட்பெர்க் என்ற ஆய்வாளர்களும் சகாக்களும் 2001-இல் காந்த மணிகளைச் செல்லில் ஒட்டி முறுக்கிக் காட்டினார்கள்: விறைப்பு அதிர்வெண்ணின் சிறிய அடுக்காக உயர்கிறது. அடுக்கு 0.2 என்றால், பத்து மடங்கு வேகத்துக்கு விறைப்பு சுமார் 1.6 மடங்கு. ஆகவே வேகத்தை மாற்றாமல் அளங்கள், அதைக் கட்டுரையிலும் எழுதுங்கள். இன்னொன்று: ஒருமுறை இழுத்து விட்டாலே செல் சற்று இளகி, பிறகு மெல்லத்தான் பழைய நிலைக்கு இறுகுகிறது. அடுத்தடுத்து குத்தினால் முந்தைய குத்தின் விளைவையும் சேர்த்தே அளப்பீர்கள். இடைவெளி விடுங்கள்.

பதில்: இரத்தவியல் வாசகர்

என் பக்கம் கடிகாரம் மிக மெதுவானது. மனித இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. கருவும் இல்லை, புதிதாகப் புரதம் செய்யவும் வழியில்லை. நாளாக ஆகப் படலத்தைச் சிறிது சிறிதாக இழந்து, வளையும் தன்மை குறைகிறது. மண்ணீரலில் ஒரு மைக்ரோமீட்டர் அளவேயான பிளவுகளில் நெளிந்து நுழைய முடியாதவை அங்கேயே பிடிபடுகின்றன. உடலே விறைப்பை அளந்து வயதைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

செல் இயற்பியல்காரன்:

அருமை. மாணவியின் செல்களிலும் இப்படி நீண்ட காலம் ஒன்று ஓடுகிறது, செல் சுழற்சி. பிரியப்போகும் செல் உருண்டு, அதன் மேற்புறணி இறுகும். பிரிந்து பரவியதும் தளரும். எனவே ஒவ்வொரு அளவோடும் ஒளிப்படம் ஒன்று எடுத்து வையுங்கள், உருண்டவற்றைத் தனியே பிரியுங்கள்.

சராசரி கட்டாயம் கேட்டால், மதிப்புகளின் மடக்கையை எடுத்துச் சராசரி போடுங்கள். செல்களின் விறைப்பு பொதுவாக மடக்கை அளவில்தான் சமச்சீராகப் பரவுகிறது, நேர்ச்சராசரியை ஓரிரு விறைத்த செல்கள் மேலே இழுத்துவிடும். பக்கத்திலேயே ஒரு செல்லின் ஒரு மணி நேர வரைபடத்தையும் போடுங்கள். நான் மதிப்பீட்டாளராக இருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.