மலைச்சரிவில் மண் எப்படிப் போகிறது? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் மாமாவுக்கு ஒரு டுரியான் தோட்டம். நல்ல சரிவு. விழுந்த பழம் கண்ணில் படவேண்டும் என்று மரத்தடிப் புல்லை மருந்தடித்து மொட்டையாக்கிவிட்டார். அடுத்த பெருமழை விட்டதும் பார்த்தால், ஒவ்வொரு சரளைக்கல்லும் விரல்கனத்தில் ஒரு குட்டி மண்தூண் மேல் உட்கார்ந்திருக்கிறது. கல் மூடிய மண் தப்பித்தது, சுற்றியிருந்தது போய்விட்டது. பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் விழும். வெறும் தரையில் பட்டால் மண் தெறித்து 60 செ.மீ. வரைகூட எழும்பும். கொட்டகைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் புள்ளிகள் அப்படி வந்தவைதான்.

இந்தக் கட்டத்தில் யார் கவலைப்படுகிறார்கள்? தெறித்த பொடி மண்ணின் துளைகளை அடைக்க, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாகவே வழியும். அப்புறம் விரலளவு கோடுகள் விழும். அதையும் மண்வெட்டியால் இழுத்து மூடிவிடலாம், மாமாவும் மூடினார். ஆனால் மோட்டார் சைக்கிள் ஏற வெட்டிய பாதை சரிவுத் தண்ணீரையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. அங்கே கோடு பள்ளமானது. 2017 நவம்பர் மழைக்குப் பிறகு அதற்குள் ஆள் இறங்கி நிற்கலாம்.

எனக்கு ஆச்சரியம், பள்ளம் மேல்நோக்கி வளர்ந்ததுதான். பள்ளத்தின் மேல்முனையான தலைப்பில் தண்ணீர் குதித்து விழுந்து அடியைக் குடைகிறது, மேலே நிற்கும் மண் பொத்தென்று உடைகிறது, விளிம்பு இன்னும் மேலே போகிறது. ஒரு மரத்துக்குப் பாதி வேர் அந்தரத்தில்.

*

அண்ணே, நான் மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம். நாங்கள் பார்ப்பது கதையின் கடைசிப் பகுதி. மழை நின்ற பிறகும் ஆறு தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் ஓடும். நம் மலை கருங்கல் மலை இல்லையா, பருமணல் வீட்டு முன் லோங்காங்கிலேயே (வடிகாலிலேயே) தங்கிவிடும், களிமண் கடலுக்குப் போய்விடும். அள்ளிப் போட்டால் அடுத்த மழையில் திரும்ப நிறைகிறது. பள்ளத்தை மாமா என்ன செய்தார்?

*

தம்பி, குறுக்கே கல் அடுக்கினோம். கீழ் அடுக்குகளுக்குப் பின்னால் மண் நிரம்பி பெரணி முளைத்துவிட்டது. புல்லையும் இப்போது வெட்டுவதோடு சரி, மருந்து இல்லை. தலைப்பு மட்டும் அடங்கவில்லை. பாதைத் தண்ணீரை இரண்டு மூன்று இடத்தில் பிரித்துவிட்டால் அடங்கும். பாதையில் கைவைத்தால் பழம் எப்படி இறக்குவது என்று மாமா சண்டைக்கு வருகிறார்.