மூக்கு வழியாகப் பிட்யூட்டரி கட்டி அறுவை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 54. ஒரு வருடமாகவே கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டுதான் நடந்தார். பார்த்து நடக்கக் கூடாதா என்று நானே பலமுறை கடிந்துகொண்டேன். இப்போது அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. இரண்டு முறை கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. கடைசியில் பார்வைப் பரப்பைச் சோதித்த கண் மருத்துவர்தான், இரு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை மங்கியிருப்பதைக் கண்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் 2.4 செ.மீ. கட்டி. பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தைக் கீழிருந்து அழுத்துகிறது.

புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கட்டியென்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்குமாம். இது அந்த வகையல்ல. மூக்குத் துளை வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, மூக்குக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீனாய்டு எலும்பறையைத் திறந்து எடுக்கப்போகிறார்கள். மண்டையோட்டைத் திறக்க மாட்டார்கள் என்றதும் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பியது. மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமா என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி!

கவலையெல்லாம் எனக்குத்தான். மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கில் கசியலாம், சிறுநீர் அளவுமீறிப் போகலாம், ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் சோடியம் குறையலாம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்தபின் இவற்றை எப்படிக் கவனித்தீர்கள்? சிறுநீரை அளந்து எழுதி வைத்தீர்களா? மூக்கைச் சிந்தாமல், குனியாமல் எத்தனை வாரம் இருக்கச் சொன்னார்கள்? மூக்கடைத்த இரவுகளில் எப்படி உறங்கினார்கள்? பார்வை எப்போது தெளிந்தது? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்தவர்கள் இருந்தால், என்னென்ன தாள்கள் கேட்டார்கள் என்றும் சொல்லுங்கள்.

கை வைத்தியம் எதுவும் வேண்டாம், தயவுசெய்து. அறுவை வரும் 18ஆம் தேதி.