மரப்பட்டை ஓவியத்தை டார்வினிலிருந்து சென்னைக்குக் கொண்டுவருவது எப்படி?

வணக்கம். ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் வடக்கு நகரமான டார்வினில் நடக்கும் பழங்குடியினர் கலைச் சந்தைக்குப் போகிறேன். 2007இல் தொடங்கிய சந்தை. விற்ற பணம் ஓவியர்களுக்கும் அவர்களே நடத்தும் கலை மையங்களுக்கும் போய்ச் சேருகிறது. அதனால் அங்கேதான் வாங்க வேண்டும் என்று இருக்கிறேன்.

ஆசையெல்லாம் வடக்கு ஆஸ்திரேலியாவின் யிர்கலா என்ற ஊர்ப் பக்கத்து யோல்ஙு பழங்குடி மக்களின் மரப்பட்டை ஓவியத்தின் மேல். யூகலிப்டஸ் பட்டையை உரித்து, நெருப்பில் வாட்டித் தட்டையாக்கி, காவிமண்ணைக் குழைத்துத் தலைமுடித் தூரிகையால் இழை இழையாகக் கோடு போடுவார்கள். முன்பு ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தபோது அந்த இடத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். சென்னை விமான நிலையத்தில் மரப்பட்டை என்று தடுப்பார்களா? தாவரச் சான்றிதழ் ஏதும் வேண்டுமா? அப்புறம், பட்டையைச் சுருட்டவும் முடியாதே, வளையாமல் எப்படிக் கட்டுவது? கொண்டுவந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.