சத்தீஸ்கரின் காட்டெருமை: அடைப்பில் வளர்ப்பதா, இந்திராவதியில் காப்பதா?

நெடுஞ்செழியன், ராய்ப்பூர்

சத்தீஸ்கரின் மாநில விலங்கு காட்டெருமை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நாம் பார்க்கும் காட்டுமாட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நம் வீட்டு எருமையின் காட்டு மூதாதை. உலகம் முழுவதும் சேர்த்தாலும் நாலாயிரத்துக்குக் குறைவு. அவற்றில் பெரும்பகுதி அசாமில், குறிப்பாகக் காசிரங்காவில். மத்திய இந்தியாவில் மிஞ்சியிருப்பவை பிஜாப்பூர் மாவட்டத்து இந்திராவதிப் பகுதியிலும், ஆற்றுக்கு அப்பால் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்துக் கோலாமார்க்காவிலும் திரியும் சிறு மந்தைகள்தான். சத்தீஸ்கரின் இன்னொரு சரணாலயமான உதந்தியின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அங்கே 2000களின் நடுவிலேயே நிலைமை கைமீறிவிட்டது. சில கடாக்களும் ஆஷா என்று பெயரிடப்பட்ட ஒரே ஒரு பெண்ணும்தான் மிஞ்சின. ஆஷா ஈன்ற கன்றுகளிலும் பெரும்பாலானவை கடாக்கள்.

2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்காகவே ஒரு தீர்ப்பு வழங்கியது. நீலகிரி கூடலூரில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கின் கிளை மனு அது. காட்டெருமையைக் காக்கும் திட்டத்தை மாநில அரசு உடனே நிறைவேற்ற வேண்டும், வீட்டு எருமையோடு கலப்பதைத் தடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதன் பிறகு என்ன நடந்தது? 2014 டிசம்பரில் கர்னாலிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆஷாவின் உயிரணுவிலிருந்து தீபாஷா என்ற குளோனிங் கன்று பிறந்தது. 2020இல் அசாமின் மானஸிலிருந்து ஒரு கடாவும் ஒரு பெண்ணும் சத்தீஸ்கரின் பார்நவாபாரா சரணாலயத்துக்கு வந்தன. 2023இல் மேலும் நான்கு பெண்கள் வந்தன. இவற்றையெல்லாம் வேலிக்குள் அடைத்துப் பெருக்குவதுதான் திட்டம்.

இந்த வழி தவறு என்பது என் உறுதியான கருத்து. இந்திராவதியில் வேலியில்லாமல் வாழும் மந்தை இருக்கும்போது, பணமும் ஆளும் கவனமும் அடைப்புக்குப் போவதை ஏற்க முடியாது. மாநில வனத்துறையின் நிர்வாகமே மாற வேண்டும். புலித் திட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையிலிருந்து எருமையைப் பிரித்து, தனித் திட்டமும் தனி அலுவலரும் தர வேண்டும். கட்சிரோலியோடு கூட்டுக் கண்காணிப்பு வேண்டும். அசாம் எருமைகள் அசாமுக்கே திரும்ப வேண்டும்.

டாக்டர் மீனாட்சி, நாமக்கல்

அடைப்பு என்றாலே இழிவாகப் பேசுவதை நான் ஏற்கவில்லை. நான் கால்நடை மருத்துவர். ஒரு மந்தை எவ்வளவு விரைவாக இல்லாமல் போகும் என்பதை அறிந்தே சொல்கிறேன். கோமாரி, தொண்டை அடைப்பான் இரண்டும் வீட்டு எருமையிலிருந்து காட்டெருமைக்குத் தாவக்கூடியவை. அந்தக் காலத்து வெக்கை நோய் மத்திய இந்தியக் காடுகளில் குளம்புள்ள விலங்குகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. அந்த நோய் இன்று உலகிலேயே இல்லை, மற்றவை இருக்கின்றன. இந்திராவதி மந்தைக்குள் ஒருமுறை நோய் புகுந்தால் மறுநாள் யாருக்குத் தெரியும்? அங்கே எத்தனை எருமைகள் என்பதையே பல ஆண்டுகள் யாராலும் சரியாக எண்ண முடியவில்லை. மாவோயிஸ்ட் மோதல் நடந்த காடு அது.

ஆறு விலங்குகளை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். அசாமின் குள்ளக் காட்டுப்பன்றியைப் பாருங்கள். 1996இல் மானஸிலிருந்து பிடித்த ஆறே ஆறு பன்றிகளிலிருந்துதான் அந்த வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. அவற்றின் வழிவந்தவை சோனாய் ரூபாய், ஒராங், பார்னடி என்று இன்று பல காடுகளில் விடப்பட்டிருக்கின்றன. அந்தத் திட்டம் இல்லாதிருந்தால் அந்த இனமே இன்று நூலளவில் தொங்கிக்கொண்டிருக்கும்.

நெடுஞ்செழியன், ராய்ப்பூர்

அம்மா, குள்ளப்பன்றிக் கணக்கை எருமைக்குப் போட முடியாது. பன்றி ஓர் ஈற்றில் மூன்று நான்கு குட்டி போடும். எருமைக்குச் சினைக்காலமே பத்துப் பதினொரு மாதம். ஈற்றுக்கு ஒரே கன்று. அடுத்த கன்றுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஆகும். பெண் கன்று பருவமடைய மூன்று ஆண்டுக்கு மேல் வேண்டும். இதில் கடா ஒன்றுதான். பிறக்கும் கன்றுகள் அனைத்தும் ஒரே தகப்பனின் பிள்ளைகள். அடுத்த தலைமுறைக்கு எங்கே போவது? உதந்திக் கடாக்களோடு சேர்க்கலாம் என்றார்கள். அவற்றின் இரத்தத் தூய்மையிலேயே ஐயம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அசாமில் பன்றிகளை விடுவதற்கு முன் எந்தப் புல்வெளி, அங்கே தீ வைப்பதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று காட்டைத் தயார் செய்தார்கள். 2008இல்தான் முதலில் திறந்துவிட்டார்கள். பார்நவாபாரா எருமைகளை எந்தக் காட்டில், எந்த ஆண்டில், எத்தனை சேர்ந்த பிறகு விடப்போகிறோம்? இதற்கு விடை இல்லாத வளர்ப்பை உயிரியல் பூங்கா என்றுதான் நான் அழைப்பேன்.

ராஜன், குவாஹாட்டி

அசாமிலிருந்து ஒரு பார்வையைச் சேர்க்கிறேன். நான் இருவருக்கும் பாதி எதிரி.

காசிரங்காவில் எருமை நிறைய இருக்கிறது என்பதால் இந்த இனம் பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருளல்ல. ஆண்டுதோறும் பிரம்மபுத்திரா பெருகும்போது விலங்குகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி மலைப்பக்கம் ஏறுகின்றன. உலகத்தின் பெரும்பகுதி காட்டெருமையை ஓர் ஆற்றங்கரையில் வைத்திருப்பது ஆபத்து. அதனால் வேறு இடத்தில் இன்னொரு மந்தை வேண்டும் என்ற கருத்தை ஆதரிக்கிறேன். நேபாளத்தார் அப்படித்தான் செய்தார்கள். கோஷி தாப்புவில் 1976இல் 63 இருந்தன. காப்பகமாக்கிக் காத்தார்கள், நாற்பது ஆண்டில் நானூறைத் தாண்டின. அதன் பிறகு 2017இல் அங்கிருந்து சிலவற்றைச் சித்வனுக்குக் கொண்டுபோனார்கள்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் இருந்த இடத்தில் பெருக்கினார்கள், பிறகுதான் பெயர்த்தார்கள். அதுவும் ஆற்றங்கரைப் புல்வெளியிலிருந்து இன்னோர் ஆற்றங்கரைப் புல்வெளிக்கு. மானஸின் ஆளுயரப் புல்லிலும் சதுப்பிலும் பிறந்த எருமையை, கோடையில் ஓடை வற்றும் தக்காணக் காட்டில் விட்டால் அது தாங்குமா என்பது எனக்கு உண்மையான கவலை. ஆனால் திருப்பி அனுப்புங்கள் என்று நெடுஞ்செழியன் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. மறுபடி மயக்க ஊசி, மறுபடி லாரி, பல நாள் பயணம். எத்தனை விலங்கு உயிரோடு வந்து சேரும்?

அருள்மொழி, தர்மபுரி

இவ்வளவு நேரமும் அந்தக் காட்டில் வாழும் மனிதர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இந்திராவதியைச் சுற்றி இருப்பவர்கள் கோண்டு, முரியா மக்கள். 2005க்குப் பிறகு, மாவோயிஸ்ட்டுகளுக்கு எதிராக அரசு ஆதரவோடு நடந்த சல்வா ஜூடும் இயக்கத்தின் காலத்தில், ஊர் ஊராகக் காலி செய்யப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள். இப்போது துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்துவரும் வேளையில், "எருமைக்காக" என்று சொல்லி வனத்துறை உள்ளே நுழைந்து அவர்களை இன்னொரு முறை கிளப்புமானால் அதை எதிர்த்து நிற்பேன்.

நிர்வாக மாற்றம் என்றால் அது வன உரிமைச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். உதந்தி-சீதாநதி புலிகள் காப்பகத்தின் மையப்பகுதியிலேயே 2021இல் சில கிராமங்களுக்குச் சமூக வன உரிமை, அதாவது தம் காட்டைத் தாமே நிர்வகிக்கும் உரிமை, வழங்கப்பட்டது. புல்வெளியை எங்கே விடுவது, வீட்டு மாடுகளை எந்தப் பக்கம் மேய்ப்பது, எந்தக் குட்டையைக் காட்டெருமைக்கு ஒதுக்குவது என்று கிராம சபை முடிவு செய்யட்டும். காவலுக்கு அந்த ஊர் இளைஞர்களையே நிரந்தரச் சம்பளத்தில் எடுங்கள். துறை நுழைய முடியாத ஆண்டுகளிலும் எருமை அங்கே பிழைத்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

டாக்டர் மீனாட்சி, நாமக்கல்

அருள்மொழி, பிழைத்தது என்பது சரி. எத்தனை பிழைத்தன, எத்தனை வேட்டைக்குப் போயின, எத்தனை கன்றுகள் கலப்பு என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. ஆளில்லாத காடு தானாகக் காப்பாற்றிவிட்டது என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வர வேண்டாம். ஆனால் மக்களை வெளியேற்றக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். நோய்த் தடுப்பு வேலை அவர்கள் இல்லாமல் நடக்கவே நடக்காது.

கலப்பைப் பற்றி ஒரு செய்தி. காட்டுக் கடா ஊருக்குள் வந்து வீட்டு எருமையோடு சேர்வதால் மட்டும் காட்டு மந்தை கெடாது. பிறக்கும் கன்று கொட்டிலில் வளரும்; அத்தோடு முடிந்தது. அசாமில் எருமை மேய்ப்பவர்களின் ஆற்றங்கரைப் பட்டிகளில் காட்டுக் கடாவை விரும்பியே சேரவிடுகிறார்கள். கேடு மறுதிசையில் வருகிறது. ஊர்க் கடா காட்டுப் பெண்ணைச் சேர்வதும், கலப்புக் கன்று வளர்ந்து காட்டுக்குள் போய்விடுவதும்தான் இனத்தை அழிக்கும். ஆகவே காட்டை ஒட்டிய ஊர்களில் ஊர்க் கடாக்களைக் காயடித்து, மாற்றாகச் சினை ஊசி வசதியை வாசலுக்கே கொண்டுபோக வேண்டும். மழைக்காலத்துக்கு முன் தொண்டை அடைப்பானுக்கும், ஆண்டுக்கு இருமுறை கோமாரிக்கும் தடுப்பூசி. இவை கால்நடை பராமரிப்புத் துறையின் வேலை. வனத்துறைக்கும் அந்தத் துறைக்கும் இடையே இதற்கென ஓர் இணைப்பு அலுவலர் கூட இல்லாவிட்டால் எந்தத் திட்டமும் காகிதத்தில்தான் இருக்கும்.

தவராசா, வவுனியா

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். டாக்டர் சொன்ன கலப்புக்கு இலங்கையைப் பாருங்கள். யாலவிலும் வில்பத்துவிலும் எருமைகள் தாராளமாக நிற்கின்றன. அவற்றில் தூய காட்டு இரத்தம் உண்டா, எல்லாம் வீட்டு எருமை காடேறியதா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். சத்தீஸ்கரும் காலம் தாழ்த்தினால் எண்ணிக்கை இருக்கும், காட்டெருமை இருக்காது.

நெடுஞ்செழியன், ராய்ப்பூர்

தவராசா அண்ணன் சொன்னதுதான் என் அச்சமும். தீபாஷாவைப் பார்த்தவர்கள் அது முர்ரா என்ற வீட்டு எருமையைப் போல இருக்கிறதே என்று கேட்டது பொதுவெளிக்கு வந்த செய்தி. அறிவியல் சாதனை என்ற அளவில் கர்னால் நிறுவனத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு குளோனிங் கன்றால் காட்டில் என்ன மாறியது? தாயோடு மந்தையில் நடந்து, எந்தப் பருவத்தில் எந்த நீர்நிலை, புலி வந்தால் கன்றுகளை நடுவில் வைத்து எப்படி வட்டம் கட்டுவது என்று கற்காத விலங்கு அது. அந்த அறிவு மந்தைக்குள் மட்டுமே இருக்கிறது. கடைசி மந்தை போனால் எந்த ஆய்வகமும் அதைத் திருப்பித் தராது.

மத்திய அரசை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டைப் பாருங்கள். வரையாடு மாநில விலங்கு. 2022இல் தமிழ்நாடு அரசு தானே நிதி ஒதுக்கி வரையாட்டுக்கென்று தனித் திட்டம் அறிவித்தது. கணக்கெடுப்பு, சோலைப் புல்வெளி மீட்பு, நோய் ஆய்வு எல்லாம் அந்த ஒரே விலங்கின் பெயரில் நடக்கின்றன. சத்தீஸ்கரிடம் காம்பா நிதி, அதாவது அழிக்கும் காட்டுக்கு ஈடாக வசூலிக்கும் நிதி, இருக்கிறது. சுரங்கத்துக்கு இவ்வளவு காட்டைக் கொடுத்த மாநிலத்தில் அந்த நிதிக்குக் குறைவில்லை. அதன் ஒரு பங்கை எருமைக்கென்று எழுதி வைக்க எது தடுக்கிறது?

ராஜன், குவாஹாட்டி

தடுப்பது மாநில மனப்பான்மை. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குஜராத்தின் கிர் சிங்கங்களில் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு அனுப்பச் சொன்னது. குஜராத் இன்றுவரை அனுப்பவில்லை. அதே தீர்ப்பில், ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியைக் கொண்டுவரும் முடிவு சட்டப்படி நிற்காது என்றும், கானமயில், வங்க வரகுக்கோழி, ஆவுளியா என்ற கடற்பசு, மணிப்பூர் மான் போன்ற நம் அருகிய விலங்குகளைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லி, சிங்கத்தோடு காட்டெருமையையும் பெயர் குறிப்பிட்டது. 2022 செப்டம்பரில் குனோவில் இறங்கியவை ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகள். காட்டெருமைக்கு எந்த விமானமும் வரவில்லை. கட்சிரோலியும் பிஜாப்பூரும் ஒரே ஆற்றின் இரு கரைகள். எருமைக்கு அது ஒரே காடு. இரு மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர்கள் ஒரே மேசையில் உட்காராத வரை பாதி மந்தையைத்தான் எண்ணுவோம்.

அருள்மொழி, தர்மபுரி

அந்த மேசையில் கிராம சபைக்கும் ஓர் இருக்கை போட்டால் எனக்கு மறுப்பில்லை. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு அறுவடைக்குள் கைக்கு வர வேண்டும். எட்டு மாதம் கழித்து வரும் இழப்பீடு எருமை மீது கோபத்தைத்தான் வளர்க்கும்.

டாக்டர் மீனாட்சி, நாமக்கல்

இந்திராவதிக்கு முதலிடம் தர வேண்டும், தனித் திட்டம் வேண்டும், தடுப்பூசி வளையம் வேண்டும். மூன்றுக்கும் சம்மதம். பார்நவாபாரா எருமைகளைத் திருப்பி அனுப்புவதற்குச் சம்மதமில்லை. விடப்போகும் இடமும் ஆண்டும் எழுத்தில் வரும் வரை அசாமிலிருந்து இன்னொரு விலங்கைப் பிடிக்கக் கூடாது என்ற அளவோடு நான் நிற்கிறேன்.

நெடுஞ்செழியன், ராய்ப்பூர்

நான் அந்த அளவோடு நிற்கப்போவதில்லை, அம்மா. ஆனால் எழுத்தில் கேட்க வேண்டியதை இந்த வாரமே கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநில வனத்துறைக்கு மனு எழுதுகிறேன்: பார்நவாபாரா அடைப்புக்கு இதுவரை எவ்வளவு செலவு, அதே ஆண்டுகளில் இந்திராவதி எருமைக்கு எவ்வளவு, காட்டில் விடும் திட்டத்தின் நகல் எங்கே. சுற்றியுள்ள ஊர்களின் தடுப்பூசி விவரத்தைக் கால்நடைத் துறையிடம் எப்படிக் கேட்டால் சரியான பதில் வரும் என்பதை நீங்கள் எழுதிக் கொடுங்கள். அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.