கல் எடுத்துப் பத்து நாள் கழித்துச் சிறுநீரில் ரத்தம், கிட்னியையே எடுத்துவிடுவார்களா?

ஆத்தங்கரை:
அப்பாவுக்கு 61 வயது. முதுகில் துளை போட்டு (பிசிஎன்எல்) வலது கிட்னியில் கல் எடுத்தார்கள், நாலாம் நாள் வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் இருந்தார். பத்தாம் நாள் விடிகாலை பாத்ரூமில் இருந்து கூப்பிட்டார், போய்ப் பார்த்தால் பீட்ரூட் சாறு மாதிரி சிவப்பு, நடுவே அட்டைப்பூச்சி நீளத்துக்கு ரத்தக்கட்டி. மறுபடி அட்மிட், இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. சிடி ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய் ஸ்கேன்) சூடோஅனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்து உப்பிய இடம்) தெரிகிறதாம், எம்போலைசேஷன் (கசிகிற குழாயை உள்ளிருந்தே அடைப்பது) செய்யலாம் என்கிறார்கள். சித்தப்பாவோ கிட்னி போய்விடும் என்று பயமுறுத்துகிறார். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.6, ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான டை மருந்தைப் போட்டால் இன்னும் ஏறாதா?

கேத்லேப்காரன்:
நான் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. துளை போடும்போது ஏதோ ஒரு தமனிக் கிளை கீறுப்பட்டிருக்கும். அப்போதைக்கு ரத்தம் உறைந்து ஓட்டையை மூடிவிடும், அந்த இடம் மெல்ல உப்பி ஒருநாள் உடையும், அதனால்தான் இத்தனை நாள் தாமதம். தொடையிடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள், டை போட்டுத் திரையில் பார்த்தபடி கசிகிற கிளை வரைக்கும் கொண்டுபோய் பிளாட்டினம் சுருளை வைத்து அடைப்பார்கள். பெரும்பாலும் ஆள் முழித்துக்கொண்டேதான் இருப்பார். கிட்னியில் தமனிக் கிளைகளுக்குள் குறுக்கு இணைப்பு கிடையாது, அடைத்த கிளையை நம்பியிருந்த பகுதி செத்துப்போகும். அதனால்தான் முடிந்தவரை நுனிக்குப் போய் அடைப்பது, போவது ஓரத்தில் கொஞ்சம். இதிலும் ரத்தம் நிற்கவே இல்லை என்றால்தான் உங்கள் சித்தப்பா சொல்கிற பேச்சு. 1.6 என்றால் டையைக் குறைத்துப் போடுவார்கள், டிரிப்ஸ் போகும். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள், ரத்தம் இளக்கும் மாத்திரையையும்.

மல்லிகா அக்கா:
தம்பி, எனக்குக் கல் இல்லை, கிட்னியில் ஆஞ்சியோமயோலிப்போமா என்கிற கொழுப்புக்கட்டி, அது உடைந்து உள்ளேயே ரத்தம். இதே வைத்தியம்தான். செய்யும்போது டை போகிற நேரம் உடம்புக்குள் சுடுதண்ணீர் ஊற்றினமாதிரி ஒரு சூடு, அவ்வளவுதான். அப்புறம் ஆறு மணிநேரம் காலை மடக்காமல் படுத்திருந்தேனே, அதுதான் கொடுமை! மூணு நாள் காய்ச்சலும் இடுப்பு வலியும் இருந்தது, செத்த பகுதியால் அப்படி வருமாம். எனக்குத் தானே அடங்கியது. அப்பாவுக்குக் குளிர்நடுக்கத்தோடு வந்தால் மட்டும் உடனே சொல்லிவிடு, அது கிருமியாக இருக்கலாம்.

ஆத்தங்கரை:
ஆஸ்பிரின்! இதய டாக்டர் கொடுத்தது, வீட்டுக்கு வந்த அன்றே அப்பா தானாகவே மறுபடி ஆரம்பித்திருக்கிறார், எங்களிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் டூட்டி டாக்டரிடம் சொன்னேன், சீட்டில் எழுதிக்கொண்டார்.

ஆத்தங்கரை (மறுநாள்):
நேற்று மாலை முடிந்தது, இரண்டு சுருள். ராத்திரி 100 டிகிரி காய்ச்சல், நடுக்கம் இல்லை. காலையில் சிறுநீர் பிடிக்கும் பையில் வெளிறிய டீ நிறம். அக்கா, உங்களுக்கு எத்தனை நாளில் சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள்? அப்பா அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.