டர்போ காரில் 101 பாகை: தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

தெஹிவளை_டர்போ:
என்னுடையது 1000 சிசி டர்போ கார். டாஷ்போர்டில் வெப்பநிலை முள் எப்போதும் நடுவில்தான் நிற்கும். போன வாரம் காரின் கணினி அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிச் செருகினேன், அன்றிலிருந்து நிம்மதி இல்லை. காலையில் காலி வீதி ஓட்டத்தில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 90 பாகை. பின்னேரம் வெள்ளவத்தை நெரிசலில் ஏசியோடு நின்றால் 101 வரை ஏறுகிறது, ஃபேன் சுற்றியதும் 95க்கு இறங்குகிறது. 100 தாண்டினால் தண்ணீர் கொதிக்காதா? கராஜ் பாஸ் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும் வரை கூலன்டை றேடியேற்றருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வை, கழற்றிவிடச் சொல்கிறார்.

பஞ்சிகாவத்தைக்காரன்:
பாஸ் சொன்னது சரி தம்பி. 22 வருஷமாக எஞ்சின் வேலைதான் செய்கிறேன். அந்த வால்வு பனி விழும் நாட்டுக்குத் தேவை. கொழும்பில் எஞ்சினைச் சூடாக்க வால்வு எதற்கு? அது மூடியபடி இறுகி, எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்துபோன எஞ்சின்களை இந்தக் கையால் இறக்கியிருக்கிறேன். டர்போ என்றால் சூடு இன்னும் கூட.

மட்டக்குளி_95:
அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்தக் காருக்கு அது பொருந்தாது. தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 88 பாகைக்குள் திறக்கத் தொடங்கும். ஓட்டத்தில் 90, நெரிசலில் 100ஐ ஒட்டி ஏறி இறங்குவது ஆரோக்கியமான எஞ்சினின் அடையாளம். கூலன்டைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, 1.1 பார் அழுத்தம் தாங்கும் றேடியேற்றர் மூடி நன்றாக அடைத்திருந்தால் கொதிநிலை 125ஐத் தாண்டும். முள்ளை நம்ப வேண்டாம். பல கார்களில் சுமார் 75 முதல் 105 வரை எதுவானாலும் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

கழற்றினால் என்ன ஆகும் தெரியுமா? தெற்கு அதிவேக வீதியில் 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது கூலன்ட் 70க்கும் கீழே விழும். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கணினி நினைத்துப் பெற்றோலைக் கூட்டும். எரியாத பெற்றோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது அந்த ஒயில் படலத்தின் மேல்தான். டர்போவைக் காப்பாற்றுவதாக நினைத்து அதையே தேய்க்கிறோம். கூலன்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்று சொல்லும் பி0128 என்ற பிழைக் குறியீடும் வரும்.

பஞ்சிகாவத்தைக்காரன்:
கணக்கு நல்லாத்தான் இருக்கு. குடும்பத்தோடு றம்பொடை ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். நுவரெலியாவில் தண்ணீர் 94இலேயே கொதிக்கும்.

மட்டக்குளி_95:
திறந்த பானையில் 94, சரி. மூடி அடைத்த றேடியேற்றரில் கொழும்பை விட மூன்று நான்கு பாகைதான் குறையும். ஏற்றத்தில் நான் பார்ப்பது ஒயிலை. 110, 120 வரை பயமில்லை, 130ஐத் தாண்டினால் கியரை இறக்கி மெதுவாகப் போவேன். மேலே சேர்ந்ததும் உடனே எஞ்சினை அணைக்க மாட்டேன், கடைசி ஒரு கிலோமீற்றரை மிதமாக ஓட்டினால் டர்போ ஆறிவிடும்.

தெஹிவளை_டர்போ:
ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இரண்டு தடவை குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். லெவல் கொஞ்சம் குறைந்திருந்தது.

பஞ்சிகாவத்தைக்காரன்:
அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்! வால்வுக் கதையை விடுங்கள், மூடிய தொகுதியில் கூலன்ட் சும்மா குறையாது. வாட்டர் பம்ப், ஹோஸ் மூட்டு, டர்போவுக்குப் போகும் சின்னக் குழாய், எல்லாவற்றையும் பிரஷர் டெஸ்ட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 95க்கு இறங்காமல் 110ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏசியை நிறுத்தி ஓரம் கட்டுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

மட்டக்குளி_95:
இதில் அண்ணா சொல்வதுதான் சரி. கசிவை அடைத்த பிறகு பழைய தண்ணீரை முழுதாக இறக்கி, கார்க் கையேடு சொல்லும் கூலன்டை ஊற்றுங்கள். அப்போதே புதிய தெர்மோஸ்டாட்டும் மாற்றுங்கள்.

பஞ்சிகாவத்தைக்காரன்:
புதிது போடுவதென்றால் எனக்கும் சம்மதம். ஒரிஜினலாகப் பார்த்து வாங்குங்கள், போடுவதற்கு முன் சுடுநீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள்.